மோட்டாருக்கு மங்கள ஸ்நானம்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலையில் தமிழ்நாட்டின் எந்தத் தெருவில் நடந்து சென்றாலும் ஒரு காட்சி கண்ணில் படும். வாசலுக்கு வாசல் மோட்டார் வண்டிகள் ஸ்நானம் செய்துகொண்டிருக்கும். ஆண்டு முழுவதும் தூசி படிந்து கிடந்த வண்டிக்குக்கூட அன்று ராஜோபசாரந்தான். ரப்பர்க் குழாயிலிருந்து தண்ணீர் அருவியாய்க் கொட்டும். சவுக்கார நுரை சாக்கடை வரையில் ஓடும். வீட்டு எஜமானர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய பனியன் துணியால் அழுத்தி அழுத்தித் தேய்ப்பார். பொழுது விடிந்து, சந்தனமும் குங்குமமும் பூமாலையுமாக வண்டி நிற்கும்போது அவருக்கு உண்டாகும் திருப்தி கொஞ்சநஞ்சமல்ல.

அந்தத் திருப்தியைக் குலைப்பது நமது உத்தேசமன்று. ஆனால், பூஜை முடிந்து வண்டி வெயிலுக்கு வந்ததும், அதன் பானெட்டைச் சற்றுச் சாய்வாக நின்று பார்க்கும்படி அவரை வேண்டிக்கொள்வோம். சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னினாற்போல் மெல்லிய கோடுகள் தெரியும். அவற்றுக்காகத் தெருப் பிள்ளைகள் மீது பழி சொல்வதில் பிரயோஜனமில்லை. நாமே ஆசையோடு தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய கோடுகள் அவை.

இதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால், வண்டி கழுவும் முறை முழுவதும் தானே விளங்கிவிடும்.

நம் பாட்டிமார் பித்தளைச் சொம்பைப் புளியும் மணலும் இட்டுத் துலக்குவார்கள். புளி களிம்பைக் கரைக்கும். மணல் மேற்பரப்பைச் சுரண்டும். சொம்பு உள்ளும் புறமும் ஒரே பித்தளையாகையால், தலைமுறை தலைமுறையாகச் சுரண்டினாலும் தாங்கும். மோட்டார் வண்டியின் சமாசாரம் வேறு. இரும்புத் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் நிறப் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலாக நிறமில்லாத பளபளப்புப் பூச்சு என்று பல அடுக்குகள் உண்டு. இத்தனை அடுக்குகளும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். பளபளப்புக்கு ஆதாரமான மேற்பூச்சு மட்டும் நாம் எழுதும் காகிதத்தின் கனத்தில் பாதிகூடப் பெரும்பாலும் இராது. வண்டியின் அழகெல்லாம் அந்த அரைக் காகிதத்தில் அடங்கியிருக்கிறது.

தெருத் தூசியிலோ ஸ்படிகக் கல்லின் பொடியான மணல் கலந்திருக்கிறது. பொருள்களின் கடினத்தை அளக்க மோஸ் என்னும் அறிஞர் வகுத்த பத்துப் படிகளில் வைரம் பத்தாவது படி. ஸ்படிகம் ஏழாவது படி. கண்ணாடியைக் கீறக்கூடிய மணல் பெயிண்டை என்ன பாடு படுத்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, தூசி படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைப்பதும் மணலிட்டுச் சொம்பு துலக்குவதும் ஒன்றே. வண்டியைக் கழுவுவது என்றால், மணலை அதன்மேல் இழுக்காமல் அப்புறப்படுத்துவது என்று பொருள். மற்ற விதிகளெல்லாம் இதன் கிளைகளே.

'அப்படியானால் குழாயைத் திறந்துவிட்டு மணல் முழுவதும் ஓடும்வரை தண்ணீரை அடித்துவிடலாமே?' என்று நேயர்கள் கேட்கக்கூடும். அங்கேதான் இரண்டாவது சங்கடம் இருக்கிறது. தோட்டத்து ரப்பர்க் குழாயில் நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் முதல் இருபது லிட்டர் வரை தண்ணீர் வரும். கால் மணி நேரம் திறந்திருந்தால் 150 முதல் 300 லிட்டர் வரை போய்விடும். நகரவாசி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது நம் நாட்டில் வகுத்துள்ள கணக்கு. வண்டிக்கு ஒரு முறை குழாய் ஸ்நானம் செய்வித்தால், இரண்டு மனிதர்களின் ஒரு நாள் பங்கு சாக்கடையில் சேரலாம்.

சென்னைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2019-ம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அநேகமாய் வறண்டுபோயின. அவ்வாண்டு ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. வண்டிக்கு 200 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 12,500 வண்டிகளைக் குளிப்பாட்டுவதற்குள் அந்த ரயில் முழுவதும் காலியாகிவிடும். 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, குடிநீரால் மோட்டார் கழுவுவதையே தடுத்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அந்நகரத்துக் குடிநீர் வாரியம் உத்தரவிட்டது.

நல்ல வேளையாக, பெயிண்டைக் காப்பாற்றும் முறையும் தண்ணீரைக் காப்பாற்றும் முறையும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. பன்னிரண்டு லிட்டர் பிடிக்கும் வாளி நான்கு வாளித் தண்ணீர் போதும்; மொத்தம் 48 லிட்டர். பெரிய வண்டியானால் ஐந்தாவது வாளி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். வேண்டியது தண்ணீரின் ஏராளம் அல்ல, வேலையின் வரிசை.

காலை வெயில் ஏறுவதற்கு முன்போ, மாலையில் பொழுது சாய்ந்த பின்போ வண்டியை நிழலில் நிறுத்துங்கள். பானெட்டின்மேல் கையை வைத்தால் சுடக் கூடாது. சூடான தகட்டில் தண்ணீர் சடுதியில் உலர்ந்து, அதிலுள்ள உப்பு வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடும். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் இந்தத் தொல்லை அதிகம்.

முதல் வாளித் தண்ணீரைச் செம்பால் மொண்டு கூரையிலிருந்து கீழாக ஊற்றுங்கள். தோட்டத்தில் மருந்து தெளிக்கும் கைப்பம்பு இருந்தால் இன்னும் உத்தமம். குறைந்த தண்ணீரில் எல்லா இடமும் நனையும். இந்தச் சமயத்தில் கையோ துணியோ வண்டியின்மேல் படக் கூடாது. ஒட்டியிருக்கும் சேறு ஊறட்டும். ஐந்து நிமிஷப் பொறுமை அரை மணி நேரத் தேய்ப்பை மிச்சப்படுத்தும்.

இரண்டாவது வாளியில் வண்டிக்கென்றே விற்கும் ஷாம்புவைப் புட்டியில் கண்ட அளவு கலந்துகொள்ளுங்கள். மூன்றாவது வாளியில் வெறும் தண்ணீர் இருக்கட்டும். மிருதுவான மைக்ரோபைபர் துணியையோ அதே நூலால் செய்த கையுறையையோ ஷாம்புத் தண்ணீரில் தோய்த்து ஒரு பகுதியைத் துடையுங்கள். உடனே வெறுந்தண்ணீரில் அலசி, மணலை அங்கே விட்டுவிட்டு, பிறகே மறுபடி ஷாம்புவில் தோயுங்கள். ஒரே வாளியானால், கூரையில் எடுத்த மணலைக் கதவில் கொண்டு பூசிய கதையாக முடியும். இரண்டு வாளியின் ரகசியம் இவ்வளவே.

கூரை, கண்ணாடிகள், பானெட்டு, கதவுகளின் மேற்பாதி, கடைசியாகக் கீழ்ப்பாதி என்று இறங்கி வர வேண்டும். சேறும் மணலும் மிகுதியாக இருப்பது கீழேதான். வட்டமாகத் தேய்க்காமல் நேர்க்கோட்டில், அழுத்தாமல் துடையுங்கள். துணி தரையில் விழுந்துவிட்டால் அதை எடுத்து அப்படியே உபயோகிக்கவே கூடாது. நன்றாக அலசி உலர்த்தும் வரையில் அதற்கு விடுமுறை கொடுத்துவிடுங்கள்.

நுரை உலர்வதற்கு முன் நான்காவது வாளித் தண்ணீரால் அலசிவிட்டு, கனமான மைக்ரோபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள். சக்கரங்கள் கடைசி. பிரேக்கிலிருந்து தேய்ந்து விழும் இரும்புத் துகள் அங்கே கரியாக ஒட்டியிருக்கும். மிஞ்சிய ஷாம்புத் தண்ணீரும் ஒரு பழைய பிரஷும் இதற்குப் போதும். சக்கரத்துக்கு உபயோகித்த துணி மீண்டும் வண்டியின் உடம்பைத் தொடக் கூடாது. வேலை முடிந்ததும் வண்டியைச் சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, பிரேக்கை நாலைந்து முறை மிருதுவாக அழுத்திவிட்டு வாருங்கள். நனைந்த தட்டுகள் உலர்ந்துவிடும்.

இனி, செய்யத் தகாதவை சில.

துணி துவைக்கும் சவுக்காரமும் பாத்திரம் துலக்கும் திரவமும் வேண்டாம். சவுக்காரம் உப்புத் தண்ணீரில் திரிந்து படலமாகப் படியும். பாத்திரத் திரவம் அழுக்கோடு மெழுகையும் கழுவிக்கொண்டு போய்விடும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் பளபளப்பு வரும் என்று சொல்வோர் இன்றும் உண்டு. அந்தப் பளபளப்பு எண்ணெய்ப் பிசுக்கு. அதன்மேல் தூசி ஒட்டும். கதவைச் சுற்றியுள்ள ரப்பரும் ஊறிக் கெடும்.

காக்கை எச்சத்தை நகத்தாலோ உலர்ந்த துணியாலோ சுரண்ட வேண்டாம். அதிலுள்ள அமிலம் வெயிலில் பெயிண்டைத் தின்னும். அதிலுள்ள மணல் சுரண்டும்போது கீறும். நனைத்த துணியைப் பத்து நிமிஷம் அதன்மேல் போட்டு, ஊறியதும் அப்படியே எடுத்துவிடுங்கள். பண்டிகை நாளில் இட்ட குங்குமத்தையும் சந்தனத்தையும் வாரக்கணக்கில் விட்டு வைக்காமல் இவ்விதமே நீக்கிவிடலாம். கடற்கரைக்கு அருகில் வசிப்பவர்கள் உப்புக் காற்றை நினைவில் வைத்து, வண்டியின் அடிப்பாகத்திலும் சக்கரக் குடைவுகளிலும் தண்ணீர் தெளிப்பது அவசியம். துரு அங்கிருந்துதான் புறப்படுகிறது.

வீட்டுப் பெண்மணிகளும் குழந்தைகளும் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அது வண்டியின் உள்ளே இருக்கிறது. முறுக்கும் சீடையும் சிந்திக் கிடந்தால் எறும்பு வரும். எறும்போடு நில்லாமல் எலியும் வரும். எலி முறுக்கைத் தின்றுவிட்டு மின்சாரக் கம்பியையும் ருசி பார்க்கும். ஆகையால் மிதியடிகளை வெளியே எடுத்து உதறி, ஆசனங்களின் இடுக்கைப் பிரஷால் பெருக்கிவிடுங்கள். டாஷ்போர்டைப் பிழிந்த ஈரத் துணியால் துடைத்தால் போதும். விசைகளின் மேலும் திரையின் மேலும் எதையும் நேரே தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடையுங்கள். மினுமினுக்கும் எண்ணெய்களை ஸ்டியரிங்கிலும் பெடல்களிலும் தடவுவது அபாயம். கையும் காலும் வழுக்கும்.

முன்கண்ணாடியின் அடியில் சேரும் இலைச் சருகுகளைப் பொறுக்கி எடுங்கள். வேப்ப மரத்தடியிலும் புங்க மரத்தடியிலும் நிற்கும் வண்டிகளில் இந்தச் சருகு மழைநீர் இறங்கும் வழியை அடைத்துவிடும். கதவுகளின் அடி விளிம்பில் தண்ணீர் வடிவதற்கென்று சிறு துவாரங்கள் உண்டு. அவற்றையும் திறந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெழுகு பூசுவது நலம். பெயர்பெற்ற கார்னோபா மெழுகு, பிரேஸில் தேசத்து வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைக்கிறது. கொடிய வெயிலில் தன் ஈரத்தைக் காத்துக்கொள்ள அந்தப் பனை ஓலைமேல் பூசிக்கொள்ளும் மெழுகே நம் வண்டிக்கும் கவசமாகிறது. நிழலில், மிகவும் மெல்லியதாகப் பூசி, உலர்ந்ததும் சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். மெழுகு வேறு, பாலிஷ் வேறு என்பதை மறக்க வேண்டாம். மெழுகு மேலே ஒரு படலத்தைச் சேர்க்கும். கோடுகளைப் போக்கும் பாலிஷ் பூச்சையே சிறிது அரைத்தெடுக்கும். அரைக் காகிதத்தை எத்தனை முறை அரைக்கலாம்? ஆகையால் பாலிஷ் எப்போதாவது, கைதேர்ந்தவரைக் கொண்டு செய்விக்க வேண்டிய வைத்தியம்.

நகரத்து அடுக்கு வீடுகளில் விடியற்காலையில் ஒருவரே பத்துப் பதினைந்து வண்டிகளைத் துடைக்கிறார். அவர் கையில் இருப்பது ஒரு வாளி, ஒரு துணி. முதல் வண்டியின் மணல் பதினைந்தாவது வண்டி வரையில் யாத்திரை செய்கிறது. கோடுகளைக் கண்டதும் அவரைக் கோபித்துக்கொள்ளும் எஜமானர்கள், தாம் என்ன சாமான் கொடுத்தோம் என்பதைச் சற்று யோசிக்க வேண்டும். இரண்டு வாளியும், தம் வண்டிக்கென்று நாலு மைக்ரோபைபர் துணியும் வாங்கிக் கொடுத்து, தினமும் உலரத் துடைப்பதற்குப் பதில் வாரம் ஒரு முறை நிதானமாகக் கழுவும்படி சொல்லலாம். சம்பளத்தைக் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறோம். அவருடைய முதுகுக்கும் நல்லது, வண்டிக்கும் நல்லது, தண்ணீர்த் தொட்டிக்கும் நல்லது.

இன்னும் ஓர் எச்சரிக்கை. 2003-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. வண்டி கழுவிய நுரைத் தண்ணீர் அந்தக் குழிக்குள் இறங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இன்று அதில் இறங்குவது பிறகு நம் கிணற்றிலேயே ஊறி வரும்.

கண்ணாடியைத் துடைக்கப் பழைய பத்திரிகைத் தாளைப் போன்றது வேறில்லை என்பது நெடுநாளைய அனுபவம். நேயர்கள் படித்து முடித்த பிறகு இந்தப் பக்கத்தையே கசக்கி அந்தக் காரியத்துக்கு எடுத்துக்கொண்டாலும் நமக்கு ஆட்சேபம் இல்லை. தண்ணீர் ஊற்றி மணலைப் போக்கிய பிறகு எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.