கறந்த பாலும் காய்ச்சிய பாலும்

கண்ணெதிரே கறந்த பாலைவிடச் சுத்தமான ஆகாரம் வேறு இல்லை என்பது உலகெங்கும் ஜனங்களுக்கு உள்ள நம்பிக்கை. தண்ணீர் கலவாமல், பாத்திரத்தைக் கழுவி, திடமாகத் தோன்றும் பசுவினிடம் கறந்த பாலில் குற்றம் எங்கிருந்து வரும் என்று கேட்பது இயல்பே. குற்றம் மடியிலேயே இருக்கக்கூடும் என்று ருசுப்படுத்திய ஒரு பெண்மணியின் வரலாற்றை நாம் அறிந்திருப்பது அவசியம்.

ஆலிஸ் ஈவான்ஸ் 1881-ல் அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்தில் பிறந்தவர். சில வருஷங்கள் உபாத்தியாயினியாக இருந்து, பிறகு கிருமி சாஸ்திரம் பயின்று, 1910-ல் அந்நாட்டு விவசாய இலாகாவின் பால்பண்ணைப் பகுதியில் சேர்ந்தார். அங்கே நிரந்தர உத்தியோகம் பெற்ற முதல் பெண் விஞ்ஞானி அவரே.

மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்களை வாட்டிய காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை டேவிட் புரூஸ் 1887-ல் கண்டறிந்தார். அது வெள்ளாட்டுப் பாலில் இருப்பது 1905-ல் வெளிப்பட்டது. பசுக்கள் கன்று வீசுவதற்குக் காரணமான கிருமியை டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங் 1897-ல் கண்டறிந்தார். ஒன்று ஆட்டுக்கு உரியது, மற்றது மாட்டுக்கு உரியது; இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றே பண்டிதர்கள் கருதியிருந்தனர். ஈவான்ஸ் இரண்டையும் ஒப்பிட்டுச் சோதித்து, அவை நெருங்கிய இனத்தவை என்று கண்டார். நோயின் அடையாளம் வெளியே தெரியாத பசுவின் பாலிலும் அக்கிருமி இருக்கக்கூடும். ஆகையால் பச்சைப் பாலை அருந்துவது அபாயம் என்று 1918-ல் எழுதி வெளியிட்டார்.

இதற்குக் கிடைத்த மரியாதை என்ன? டாக்டர் பட்டம் இல்லாத ஒரு பெண் சொல்வதை நம்புவதா என்றார்கள். இவ்வளவு நெருங்கிய ஒற்றுமை உண்மையாயின், பெரியவர்கள் கண்ணில் முன்பே பட்டிராதா என்றார்கள். தியோபால்ட் ஸ்மித் போன்ற பேரறிஞரே அவர் முடிவை ஏற்க மறுத்தார். 1920-ல் கலிபோர்னியாவில் நடந்த ஆராய்ச்சி அவர் கூற்றை உறுதி செய்தது. அக்கிருமி இனத்துக்குப் புரூஸெல்லா என்ற பெயரும் ஏற்பட்டது. அப்படியும் சந்தேகம் ஓயவில்லை. 1922-ல் ஆராய்ச்சிசாலையிலேயே அந்நோய் ஈவான்ஸைப் பற்றிக்கொண்டு, சுமார் 20 ஆண்டுகளுக்கு மேல் விட்டுவிட்டு வருத்தியது. நரம்புத் தளர்ச்சி என்று வைத்தியர்கள் சொன்ன காலமும் உண்டு! 1928-ல் அமெரிக்கக் கிருமி சாஸ்திரிகள் சங்கம் அவரைத் தன் முதல் பெண் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1930-க்குப் பிந்திய ஆண்டுகளில் பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் பாஸ்டர் முறை அந்நாட்டில் வேரூன்றியது. 63 டிகிரி ஸென்டிகிரேடில் 30 நிமிஷம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி: இவ்வளவுதான் அந்தப் பரிகாரம். இதை ஏற்பதற்குள் எத்தனை குடும்பங்கள் காரணம் தெரியாத காய்ச்சலில் வாடின!

இக்கதை நமக்கு அந்நியமன்று. உலகில் மிக அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் தேசம் நம்முடையது. அதே நோய் நம் மாட்டுக்கொட்டில்களிலும் இருந்து வருகிறது. பாலைப் பொங்கக் காய்ச்சாமல் உபயோகிக்காத நம் இல்லத்தரசிகளின் வழக்கம் நம்மைப் பெரிதும் காத்து வந்திருக்கிறது. பச்சைப் பாலே இயற்கை, அதுவே சத்து என்று இப்போது சிலர் செய்யும் பிரசாரத்துக்குச் செவி சாய்த்து அவ்வழக்கத்தைக் கைவிடுவது பேதைமையாகும்.

ஆயினும் அடுப்பு காப்பது பால் குடிப்பவரை மட்டுமே. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுத்து அப்புறப்படுத்தும் ஏழைக்கு அடுப்பு என்ன பாதுகாப்பு அளிக்கும்? அவனுக்கு வரும் விட்டுவிட்டு அடிக்கும் காய்ச்சலும், வியர்வையும், மூட்டுவலியும் மலேரியா என்றும் டைபாய்டு என்றும் கருதப்பட்டு, உண்மை நோய் மறைந்தே நிற்கிறது. கிடேரிக் கன்றுகளுக்கு நான்காம் மாதத்திலிருந்து எட்டாம் மாதத்துக்குள் ஒருமுறை தடுப்பூசி போடுவதே நோயை மூலத்தில் தடுக்கும் வழி. இதற்கென மத்திய சர்க்கார் 2019-ல் ஒரு திட்டம் தொடங்கியது. திட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. ஊசி கன்றின் உடலில் ஏற வேண்டும். கன்று வீசிய மாட்டை மறைத்துச் சந்தைக்கு ஓட்டுபவர், நோயை அடுத்த ஊருக்கு ஓட்டுகிறார் என்பதையும் உணர வேண்டும்.

கிராமங்களில் பொதுப்பணி செய்யும் அன்பர்களுக்கு இங்கே வேலை காத்திருக்கிறது. தங்கள் ஊரில் ஊசி போடாத கிடேரிகள் எத்தனை என்று கணக்கெடுத்து, கால்நடை வைத்தியரை அழைத்து வருவது அவர்களால் ஆகாத காரியமன்று. விளைவிக்கிறவன் நோயில் கிடக்க, வாங்குகிறவன் மட்டும் க்ஷேமமாக இருப்பது தர்மமாகாது. ஆலிஸ் ஈவான்ஸ் தம் உடலைக் கொடுத்து நிலைநாட்டிய உண்மை, பால் கறப்பவனின் கொட்டில்வரை சென்று சேர வேண்டும்.