கடனைத் திறைசேரிக்கு மாற்றிவிட்டால் ஸ்ரீலங்கன் நிமிர்ந்துவிடுமா?

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை நாம் எளிதில் மறக்க முடியாது. பெற்றோல் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நாம் நின்றுகொண்டிருந்த அதே நாட்களில், கட்டுநாயக்கவிலிருந்து தூர நாடுகளுக்குப் புறப்பட்ட ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு பறந்தன. ஒரு நாட்டின் தேசிய விமான சேவை தன் சொந்த நாட்டில் எண்ணெய் கிடைக்காமல் பக்கத்து நாட்டில் இறங்கியது.

அந்த மே மாதம்தான் அன்றைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில் கணக்கைச் சொன்னார். 2020/21 நிதியாண்டில் மட்டும் நட்டம் 45 பில்லியன் ரூபா. 2021 மார்ச் இறுதியில் திரண்டிருந்த நட்டம் 372 பில்லியன் ரூபா. வாழ்நாளில் ஒருமுறைகூட விமானத்தில் ஏறாத ஏழையும் இந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது என்றும் அவர் சொன்னார். அவருடைய அரசியலை ஏற்பவர்களும் ஏற்காதவர்களும் மறுக்க முடியாத வாக்கியம் அது.

அதன் பிறகு இந்த நிறுவனத்தை விற்பதா, வைத்துக்கொள்வதா என்ற விவாதமே திரும்பத் திரும்ப நடக்கிறது. அரசாங்கங்கள் மாறும்போது விடையும் மாறுகிறது. ஆனால் இந்த நிறுவனம் எப்படி இந்தக் குழிக்குள் விழுந்தது என்பதைப் பார்த்தால், விற்பதும் வைத்துக்கொள்வதும் இரண்டாவது கேள்வி என்பது விளங்கும். எந்த விமானம் வாங்குவது, எங்கே பறப்பது, எந்த ஆசனத்தில் யார் உட்காருவது என்பதை யார் தீர்மானிப்பது என்பதுதான் முதல் கேள்வி.

எயார் லங்கா 1979 செப்டெம்பரில் பறக்கத் தொடங்கியது. 1998இல் டுபாயின் எமிரேட்ஸ் நிறுவனம் சுமார் 70 மில்லியன் டொலர் கொடுத்து அதன் 40 சதவீதப் பங்குகளை வாங்கியது. பத்து வருடங்களுக்கு முகாமைத்துவப் பொறுப்பும் எமிரேட்ஸின் கைக்குச் சென்றது. பெரும்பான்மைப் பங்கு அரசிடமே இருந்தது. அதாவது அது முழுத் தனியார்மயமும் அல்ல, முழு அரச நிறுவனமும் அல்ல. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் என்ற பெயரும் அந்தக் காலத்தில் வந்ததுதான்.

அந்தப் பத்து வருடங்கள் சுகமாகக் கழிந்தவை அல்ல. 2001 ஜூலை 24 அதிகாலையில் கட்டுநாயக்க மீது நடந்த புலிகளின் தாக்குதலில் நிறுவனத்தின் விமானங்களில் ஏறத்தாழ பாதி அழிந்தன அல்லது சேதமடைந்தன. இரண்டு மாதங்களுக்குள் நியூயோர்க் தாக்குதல். 2004 டிசம்பரில் சுனாமி. இத்தனைக்கும் பிறகு 2007/08 நிதியாண்டில் நிறுவனம் சுமார் 4.4 பில்லியன் ரூபா இலாபம் காட்டியது. சென்னைக்கும் திருச்சிக்கும் மற்ற இந்திய நகரங்களுக்கும் பறந்து, அங்குள்ள பயணிகளைக் கொழும்பு வழியாக வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றிச் சென்றது. எமிரேட்ஸ் தன் டுபாய் நலனுக்கே முதலிடம் கொடுத்தது என்ற குற்றச்சாட்டு அப்போதே இருந்தது. அதில் நியாயம் இருக்கலாம். ஆனாலும் அந்தக் காலத்தில் திறைசேரி இந்த நிறுவனத்துக்காக இரவில் விழித்திருக்க வேண்டியிருக்கவில்லை.

முறிவு வந்த விதம்தான் கதையின் மையம். 2007 டிசம்பரில் அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ லண்டனிலிருந்து பரிவாரத்துடன் திரும்புவதற்கு 35 ஆசனங்கள் கேட்கப்பட்டன. விமானம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. பணம் கொடுத்து ஆசனம் பெற்ற பயணிகளை இறக்கிவிட முகாமைத்துவம் மறுத்தது. சில நாட்களில் பிரதம நிறைவேற்று அதிகாரி பீட்டர் ஹில்லின் வேலை விசா இரத்துச் செய்யப்பட்டது. 2008 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தபோது எமிரேட்ஸ் அதைப் புதுப்பிக்காமல் வெளியேறியது. அடுத்த நிதியாண்டிலேயே நிறுவனம் பெரும் நட்டத்துக்குள் விழுந்தது. அந்த வருடம் எரிபொருள் விலை ஏறியதும் உலகப் பொருளாதார நெருக்கடியும் காரணங்களே. ஆனால் அதே நெருக்கடியைக் கடந்து மற்ற நிறுவனங்கள் மீண்டுவந்தன. நமது நிறுவனம் மீளவில்லை.

பிறகு நடந்தவை பலருக்கும் நினைவிருக்கும். ஜனாதிபதியின் மைத்துனர் பணிப்பாளர் சபையின் தலைவரானார். 2007இல் தொடங்கப்பட்ட மிஹின் லங்கா என்ற இரண்டாவது அரச விமான சேவை தன் பங்குக்கு நட்டத்தைக் குவித்து, 2016இல் ஸ்ரீலங்கனுக்குள் கரைக்கப்பட்டது. 2013இல் மத்தளை விமான நிலையம் திறக்கப்பட்டதும் பயணிகள் இல்லாத அந்த ஓடுபாதைக்கு ஸ்ரீலங்கன் விமானங்கள் அனுப்பப்பட்டன. 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய சில நாட்களிலேயே அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. வணிகக் காரணம் ஒன்று இருந்திருந்தால் அது தேர்தல் முடிவோடு சேர்ந்து மறைந்திருக்காது.

அதே 2013இல்தான் எயார்பஸ்ஸிடமிருந்து ஆறு ஏ330 விமானங்களும் நான்கு ஏ350 விமானங்களும் வாங்க உடன்பாடு செய்யப்பட்டது. வேறு ஏ350 விமானங்களைக் குத்தகைக்கு எடுக்கவும் கையெழுத்திடப்பட்டது. ஏ350 மிக நீண்ட தூரம் பறக்கும் விலை உயர்ந்த விமானம். ஐரோப்பாவுக்கான பாதைகளே நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு அது எதற்கு என்ற கேள்விக்குச் சரியான விடை வரவில்லை. பிறகு வந்த அரசாங்கம் ரோம், பிராங்பேர்ட், பாரிஸ் சேவைகளை நிறுத்தியது. மூன்று ஏ350 விமானங்களின் குத்தகையிலிருந்து விலக மட்டும் சுமார் 98 மில்லியன் டொலர் நட்டஈடு கொடுக்கப்பட்டது. 2010இல் எமிரேட்ஸின் 43.63 சதவீதப் பங்குகளை அரசு திரும்ப வாங்கக் கொடுத்த தொகை 53 மில்லியன் டொலர். நிறுவனத்தின் ஏறத்தாழ பாதியை வாங்கக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவான பணத்தை, ஒருநாளும் நம் கொடியோடு பறக்காத மூன்று விமானங்களுக்காகக் கொடுத்திருக்கிறோம்.

2020 ஜனவரியில் எயார்பஸ் நிறுவனம் பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளுடன் செய்துகொண்ட 3.6 பில்லியன் யூரோ இணக்கப்பாட்டில் இந்த விற்பனையும் வந்தது. ஸ்ரீலங்கன் உயர் அதிகாரி ஒருவரின் மனைவியை இடைத்தரகராகக் காட்டி சுமார் 16.8 மில்லியன் டொலர் கொடுக்க எயார்பஸ் ஒத்துக்கொண்டதாகவும், அதில் 2 மில்லியன் டொலர் கொடுக்கப்பட்டதாகவும் லண்டன் நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட ஆவணம் கூறியது. நமது நாட்டின் விசாரணைகள் கண்டுபிடித்த விடயம் அல்ல இது. விற்றவனே வெளிநாட்டு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

நல்லாட்சிக் காலத்திலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அமெரிக்க முதலீட்டு நிறுவனமான டிபிஜி பேச்சுவார்த்தைக்கு வந்து, கணக்குகளைப் பார்த்துவிட்டு 2017இல் விலகிச் சென்றது. அடுத்த வருடம் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன விமானத்தில் கொடுத்த முந்திரிப் பருப்பு நாய்கூடத் தின்னாது என்று பொதுமேடையில் கோபப்பட்டார். முந்திரி மாறியது. கடன் மாறவில்லை.

இந்தக் கடன் எங்கே இருக்கிறது என்பதை நம் குடும்பங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். விமானக் குத்தகை டொலரில். எரிபொருள் விலை டொலரில். உதிரிப்பாகம் டொலரில். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்குப் பாய்ந்தபோது, நிறுவனம் ஒரு சதம்கூடப் புதிதாகக் கடன் வாங்காமலேயே ரூபாக் கணக்கில் கடன் பெருத்தது. இலங்கை வங்கி, மக்கள் வங்கி, பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றுக்கும் பெருந்தொகை கொடுக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டு வங்கிகளிலும் இருப்பது நம் சேமிப்பு. கூட்டுத்தாபனத்தின் நட்டம் வந்து சேர்வது நம் மோட்டார் சைக்கிள் தாங்கியில். இவை போதாதென்று அரசு உத்தரவாதம் கொடுத்த 175 மில்லியன் டொலர் பிணைமுறியும் இருந்தது.

2023இல் முன்வைக்கப்பட்ட மறுசீரமைப்புத் திட்டத்தின்படி சுமார் 510 மில்லியன் டொலர் கடனை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். டொலர் 300 ரூபா என்று வைத்துக் கணக்குப் பார்த்தால் 153 பில்லியன் ரூபா. நாட்டின் சனத்தொகை இரண்டு கோடி இருபது லட்சம் என்றால் தலைக்கு ஏறத்தாழ 7,000 ரூபா, ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு 35,000 ரூபா. இதற்கென்று யாரும் நம் வாசலில் பற்றுச்சீட்டுக் கொண்டு வருவதில்லை. 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்ந்த வற் வரியும் அதைப்போன்ற மற்ற வரிகளும் சத்தமில்லாமல் அந்த வேலையைச் செய்கின்றன.

விற்றிருந்தால் இந்தச் சுமை இல்லாமல் போயிருக்குமா? எயார் இந்தியாவைப் பாருங்கள். 2022 ஜனவரியில் டாடா நிறுவனம் 18,000 கோடி இந்திய ரூபா விலையில் அதைப் பொறுப்பேற்றது. அதில் 15,300 கோடி, கடனாக ஏற்றுக்கொண்டது. மீதி 2,700 கோடிதான் ரொக்கம். 46,000 கோடிக்கும் மேற்பட்ட பழைய கடன் இந்திய அரசின் தலையிலேயே தங்கியது. பழைய கடனை விமானத்தோடு சேர்த்து வாங்க எந்த முதலாளியும் வருவதில்லை. விற்பனை செய்வது எதிர்கால நட்டத்தை நிறுத்துவதற்கு. கடந்தகால நட்டத்தை அது துடைக்காது.

வைத்துக்கொண்டே திருத்தியவர்களும் இருக்கிறார்கள். மலேசியா எயார்லைன்ஸ் ஏற்கெனவே நட்டத்தில் இருந்தபோது, 2014இல் நான்கு மாத இடைவெளியில் இரண்டு விமானங்களை இழந்தது. அரச முதலீட்டு நிறுவனமான கசானா 6 பில்லியன் ரிங்கிட் ஒதுக்கியது. பணத்தைக் கொட்டியதோடு நிறுத்தவில்லை. 2015இல் தனிச் சட்டம் ஒன்று இயற்றி, பழைய கம்பனியை நிர்வாகியிடம் ஒப்படைத்து, புதிய கம்பனியைத் தொடங்கினார்கள். பழைய ஒப்பந்தங்களில் எது வேண்டும், எது வேண்டாம் என்று புதிய கம்பனி தெரிவுசெய்ய முடிந்தது. வெளிநாட்டவரான கிறிஸ்டோப் முல்லரைத் தலைமைக்குக் கொண்டுவந்தார்கள். 20,000 ஊழியர்களில் 6,000 பேர் வேலை இழந்தார்கள். 6,000 குடும்பங்களின் அடுப்பு அது, எளிதாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகும் எண் அல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் இலாபம் உடனே வரவில்லை. கொவிட் வந்தது. 2021இல் விமானக் குத்தகைக்காரர்களோடு பேசி, இங்கிலாந்து நீதிமன்றத்தின் அங்கீகாரத்தோடு 15 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட பொறுப்புகளைக் குறைத்துக்கொண்டார்கள். அதாவது இழப்பில் ஒரு பகுதியைக் குத்தகைக்காரரும் சுமந்தார். 2023இல் குழுமம் 766 மில்லியன் ரிங்கிட் தேறிய இலாபம் கண்டது. மறுவருடம் பொறியியலாளர் பற்றாக்குறையாலும் உதிரிப்பாகத் தட்டுப்பாட்டாலும் சேவைகளைக் குறைக்க நேர்ந்து, இலாபம் 54 மில்லியனாகச் சுருங்கியது. ஒன்பது வருடம் பாடுபட்டுக் கட்டியதை ஒரே வருடத்தில் இழக்கவும் முடியும் என்பது இந்தத் தொழிலின் குணம்.

நம் பக்கத்தில் 2024இல் ஸ்ரீலங்கனை வாங்க ஆறு விண்ணப்பங்கள் வந்தும் எதுவும் கைகூடவில்லை. அந்த வருட இறுதியில் புதிய அரசாங்கம் விற்பதில்லை, தேசிய விமான சேவையாக வைத்துத் திருத்துவோம் என்று அறிவித்து, புதிய தலைவரை நியமித்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் பழைய கடனுக்காக 20 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது.

வைத்திருப்பதற்கு நியாயம் உண்டு. 2020 பெப்ரவரியில் வூஹானிலிருந்து நம் மாணவர்களை ஏற்றிவந்தது இந்த விமானம்தான். கொவிட் காலத்தில் வளைகுடாவில் வேலை இழந்து நின்றவர்கள் காத்திருந்ததும் இதற்காகத்தான். அக்கரைப்பற்றிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் இரவோடு இரவாக வேன் பிடித்துக் கட்டுநாயக்கவுக்குப் போய் வாப்பாவைக் கூட்டிவந்த பிள்ளைகளுக்கு வால்பகுதியில் மயில் வரைந்த அந்த விமானம் வெறும் கம்பனி அல்ல. ஆனால் டோஹாவுக்கும் டுபாய்க்கும் ரியாத்துக்கும் சாதாரண நாட்களில் போய்வர இன்று பல நிறுவனங்கள் போட்டி போடுகின்றன என்பதும் உண்மை. அதனால் நம் உழைப்பாளிகளுக்காகவே இதை ஓட்டுகிறோம் என்று சொல்லி வருடாவருடம் நட்டத்தை நியாயப்படுத்த முடியாது.

விற்காமல் திருத்துவது என்றால், மலேசியாவில் செய்ததில் கடினமான பகுதியையும் செய்ய வேண்டும். தலைவரையும் பணிப்பாளர் சபையையும் அமைச்சர் நினைத்தபோது மாற்ற முடியாதபடி சட்டப் பாதுகாப்பு வேண்டும். நட்டப் பாதை ஒன்றை அரசியல் காரணத்துக்காக ஓட்டச் சொன்னால், அதற்கான செலவை அரசு பகிரங்கமாக எழுதிக் கொடுக்க வேண்டும். விமானக் குத்தகை ஒப்பந்தங்கள் பாராளுமன்றக் குழுவின் முன் வர வேண்டும். நிறுவனத்தின் தரைச் சேவையும் உணவு வழங்கும் பிரிவும் கட்டுநாயக்கவில் போட்டியின்றி நல்ல வருமானம் ஈட்டுகின்றன. அந்த வருமானத்தைக் கழித்துவிட்டு, பறப்பதில் மட்டும் எவ்வளவு போகிறது என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும். வருட இறுதியில் இலாபம் என்று செய்தி வரும்போது அது ஆசனம் விற்று வந்ததா, நாணய மாற்று வித்தியாசத்தால் ஏட்டில் வந்ததா என்று நாமும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் டொலர் தேவையில்லை. 2007இல் பயணிகளை இறக்க மறுத்த அதிகாரியின் விசா இரத்தானது. இன்னொரு நாள், இன்னொரு நிரம்பிய விமானத்தில், வேறொருவருக்காக யாராவது மீண்டும் 35 ஆசனம் கேட்பார்கள். அப்போது மறுக்கும் அதிகாரி மறுநாளும் தன் கதிரையில் இருப்பாரா என்பதற்கு 2025 வரவு செலவுத் திட்டத்தின் 20 பில்லியன் ரூபாவில் பதில் இல்லை.