தாளைக் காக்கும் கடமை யாருடையது?

அசாமில் குடிமக்கள் தேசியப் பதிவேட்டின் இறுதிப் பட்டியல் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியானபோது, விண்ணப்பித்த ஏறத்தாழ 3.3 கோடிப் பேரில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் இடம்பெறவில்லை. இதன் அரசியல் குறித்து நிறைய எழுதப்பட்டுவிட்டது. ஆவணக் காப்பகங்களை நம்பி ஆய்வு செய்யும் நாம் அதிகம் பேசாத ஒன்றைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். அது தாள்.

தாமோ தம் முன்னோரோ 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முன்பே அசாமில் வாழ்ந்ததை ஒவ்வொரு விண்ணப்பதாரரும் நிறுவ வேண்டியிருந்தது. 1951ஆம் ஆண்டுப் பதிவேடு, பழைய வாக்காளர் பட்டியல், நிலப் பத்திரம் போன்றவை சான்றுகளாக ஏற்கப்பட்டன. முன்னோரின் பெயரைக் காட்டியவர், அவருக்கும் தமக்குமான உறவை மெய்ப்பிக்க மற்றொரு சான்றையும் தர வேண்டும். சுருங்கச் சொன்னால், ஒரு குடும்பம் அரை நூற்றாண்டுப் பழமையான தாளைத் தேடி எடுக்க வேண்டும்.

பிரம்மபுத்திராவின் ஆற்றிடைத் திட்டுகளில் வாழ்வோர் வெள்ளத்துக்கும் கரையரிப்புக்கும் அஞ்சி மீண்டும் மீண்டும் வீடு மாற்றுபவர்கள். அங்கே தாளின் ஆயுள் எவ்வளவு? ஈரப்பதம் மிகுந்தால் பூஞ்சை படரும். கரையானும் வெள்ளிமீன் பூச்சியும் அரிக்கும். இவை எதுவும் தீண்டாவிட்டாலும், மரக்கூழில் செய்த மலிவுத் தாள் தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும். காக்கும் எண்ணத்தில் பலர் லேமினேஷன் செய்துவிடுகிறார்கள். சூட்டில் ஒட்டிய நெகிழியைத் தாளுக்குச் சேதமின்றிப் பிரிப்பது மிக அரிது. அமிலமற்ற உறையில், மடிக்காமல், தரையைத் தொடாத உலர்ந்த இடத்தில் வைப்பதே நல்லது. ஆனால் ஆண்டுதோறும் நீர் புகும் குடிசைக்கு இந்த அறிவுரையால் என்ன பயன்?

எனவே, தாளைக் காப்பது தனிமனிதரின் கவனத்தைப் பொறுத்தது என்ற எண்ணத்தை நான் மறுக்கிறேன். பதிவேட்டை எழுதியது அரசு. மூலப்படி இருக்க வேண்டியதும் அரசிடமே. ஆயினும் 1951ஆம் ஆண்டுப் பதிவேடு அசாமின் எல்லாப் பகுதிகளுக்கும் முழுமையாகக் கிடைக்கவில்லை. அரசின் அலமாரியில் தாள் அழிந்தால் அது நிர்வாகக் குறைபாடு என்று கடந்துபோகிறோம். குடிமகனின் பெட்டியில் அழிந்தால் அவனது குடியுரிமையே கேள்விக்குள்ளாகிறது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம், தாம் வெளிநாட்டினர் அல்லர் என மெய்ப்பிக்கும் பொறுப்பைச் சம்பந்தப்பட்டவர் மீதே சுமத்தியது.

பொது ஆவணங்கள் சட்டம் 1993இல் நிறைவேறியது. விதிமுறைக்குப் புறம்பாக ஆவணத்தை அழிப்போருக்கு ஐந்து ஆண்டுவரை சிறை, 10,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அது வழிசெய்கிறது. ஆனால் அது மத்திய அரசு, ஒன்றியப் பகுதிகள், மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் ஆவணங்களுக்கே பொருந்தும். நிலப் பதிவேடும் பிறப்புப் பதிவேடும் பெரும்பாலும் மாநில அலுவலகங்களில் இருக்கின்றன. சில மாநிலங்களே தமக்கெனத் தனிச் சட்டம் இயற்றியுள்ளன.

மின்னாக்கம் இதற்குத் தீர்வாகாதா என நண்பர்கள் கேட்கலாம். பழைய பதிவேட்டையும் வாக்காளர் பட்டியல்களையும் மின்னாக்கம் செய்து 2015இல் தேடத்தக்க வடிவில் தந்தது அசாமில் பலருக்கு உதவியது உண்மையே. ஆனால் எஞ்சியிருந்த தாளைத்தான் மின்னாக்கம் செய்ய முடிந்தது. அழிந்துபோன பக்கத்தில் இருந்த பெயர் கணினியிலும் இல்லை.

என் கோரிக்கைகள் இரண்டு. முதலாவது, ஒரு பதிவேடு அரசின் பாதுகாப்பில் இருந்தபோது அழிந்திருந்தால், அந்த அலுவலகம் அதை எழுத்துமூலம் ஒப்புக்கொண்டு சான்றளிக்க வேண்டும். அச்சான்று குடிமகனுக்குச் சாதகமாகக் கொள்ளப்பட வேண்டும். இரண்டாவது நமக்கானது. மாவட்ட ஆவண அறைகளில் பணிபுரியும் ஆய்வாளர்கள், எடுத்த தரவுகளோடு அங்கே கண்ட தாளின் நிலையையும் ஆய்வேட்டில் பதிவு செய்ய வேண்டும். நாம் மேற்கோளுக்காகப் புரட்டும் அதே கட்டில் யாரோ ஒருவருடைய பாட்டனின் பெயரும் இருக்கக்கூடும்.