யாருடைய வினா?

60 வயது கடந்த இந்தியருள் ஏறத்தாழ 88 லட்சம் பேர் மறதிநோயுற்றோர் என 2023இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. இந்நோயை அறிய 1975 முதல் உலகெங்கும் வழங்கும் 'மினி மென்டல்' தேர்வில், ஒரு வாக்கியம் எழுதுமாறு பணிக்கும் பகுதியும் உண்டு. எழுத்தறியா மூதாட்டி அங்கே மதிப்பெண் இழப்பது நோயாலா, பள்ளி செல்லாமையாலா? வளரும் நாடுகளுக்கென 1998இல் தோன்றி, சென்னையிலும் வேலூரிலும் ஆய்ந்த 10/66 குழு, கல்வியின்மை குறையாகாத அளவுகோலை வகுத்தது.

இத்தகைய வினா, மூதாட்டியின் திண்ணையில் அமர்ந்து படிவம் நிரப்பும் இளம் ஆய்வாளருக்கே முதலில் தோன்றக்கூடும். அவரோ, பேராசிரியரின் திட்டத்திற்குத் தரவு திரட்டுவதிலேயே ஆண்டுகளைக் கழிக்கிறார்! பட்டம் வாங்கித் தந்ததும் நெறியாளர் கடமை தீர்ந்தது என்பதை நான் ஏற்கேன். மாணவர் தம் வினாவைத் தாமே வகுத்து, நிதிக்கு விண்ணப்பித்து, மறுக்கப்பட்டால் திருத்தி மீண்டும் அனுப்பி, கட்டுரையில் முதற்பெயராய் நிற்கும்வரை நெறியாளர் உடனிருத்தல் வேண்டும். அவர் பெயர் கடைசியில் வந்தால் போதும்.