கேஸ் ஷீட்டை எழுதிக் கேளுங்கள்

தவறான சிகிச்சையால் கை போனது ஏன் என்று அரசு மருத்துவமனையில் கேட்டால், ‘இலவச வைத்தியத்துக்குக் கேள்வி வேறயா?’ என்கிறார்கள். சேரி ஆள் என்றால் குரல் இன்னும் உயரும். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது உண்மை. பணம் கட்டியவருக்கு நுகர்வோர் ஆணையம், 2 ஆண்டு அவகாசம். எல்லோருக்கும் இலவசமான மருத்துவமனைக்குப் போனவருக்கு அது இல்லை. இது அநீதி. ஆனாலும் சிவில் வழக்கும் உயர் நீதிமன்றமும் இருக்கின்றன. வக்கீல் பீஸ்? பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரச் சொல்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டம். சாதிச் சான்றிதழோடு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். அதற்கு முன்பே கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி.