வேலை முடிந்து வந்து...: தம்பியைக் காணக் கொரிய மொழி



சென்ற இதழில் இரவு வேலை செய்பவர்களின் நித்திரை பற்றி எழுதியிருந்தேன். இம்முறை ஒரு மொழியைப் பற்றி எழுதுகிறேன். ஜேர்மன் மொழி அல்ல, கொரிய மொழி. "ஜேர்மன் படிக்கவே எங்களுக்கு நேரமில்லை, இதற்குள் கொரியன் எதற்கு?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஏன் கொரியா?

தென்கொரியா 2004ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு வேலை அனுமதி வழங்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆரம்பத்திலேயே அதில் சேர்க்கப்பட்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தவர்களைத் தொழிற்சாலைகளுக்கு எடுக்கிறார்கள். என் தம்பியும் அப்படித்தான் 2022இல் போனான். இந்த விசாவில் குடும்பத்தைக் கூட்டிச்செல்ல முடியாது. முதலில் 3 வருடம், நீடித்தால் மொத்தம் 4 வருடமும் 10 மாதமும். அதன்பின் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

நான் அவனைக் கடைசியாகக் கண்டது 2011இல். அப்போது அவனுக்கு 14 வயது. என்னிடம் இருப்பது அகதிகளுக்கான நீலப் பயணப்பத்திரம். இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆகவே தம்பி ஊருக்குத் திரும்பிவிட்டால் நான் அங்கு போக முடியாது. அவன் கொரியாவில் இருக்கும் காலத்துக்குள் நான் போனால்தான் உண்டு. "அண்ணை, நீங்கள் வந்து இறங்கினால் போதும், மிச்சத்தை நான் பாக்கிறன்" என்கிறான் அவன். ஆனால் அவனுக்குக் கிடைப்பது சில நாள் லீவு மட்டுமே. அந்த நாட்களையும் எனக்கு மொழிபெயர்ப்பதில் அவன் செலவழிக்கக் கூடாது என்றுதான் படிக்கத் தொடங்கினேன். நான் சாதாரணதரத்தோடு படிப்பை விட்டவன். வகுப்புக்குப் போக நேரமும் இல்லை, காசும் இல்லை.

எழுத்து ஒரு கிழமை வேலை

பயப்படாமல் எழுத்திலிருந்து தொடங்குங்கள். கொரிய எழுத்தை செஜோங் என்ற அரசர் 1443இல் உருவாக்கி 1446இல் நாட்டுக்கு வெளியிட்டார். அதுவரை அங்கு சீன எழுத்தில்தான் எழுதினார்கள், சாதாரண சனங்களுக்கு அது எட்டவில்லை. இன்று பாவனையில் உள்ள அடிப்படை எழுத்துக்கள் 24. மெய் 14, உயிர் 10. 'ந' என்பதற்கான எழுத்து, நாக்கு நுனி மேலே தொடும் வடிவம். 'ம' என்பது வாயைப் போல ஒரு சதுரம். பள்ளிக்கூடத்தில் எழுத்துக்களின் பிறப்பு என்று படித்தோமே, அதைப் படமாக வரைந்தது போல இருக்கும்.

இந்த மெய்யையும் உயிரையும் ஒரு பெட்டிக்குள் அடுக்கினால் ஓர் அசை. எங்கள் உயிர்மெய் போன்றதுதான். ஆனால் நாங்கள் 216 வடிவங்களைப் படித்தோம். அங்கே 24ஐப் பாடமாக்கினால் பெட்டியை நாங்களே கட்டலாம். இரண்டு நாளைக்கு மெய், இரண்டு நாளைக்கு உயிர், மூன்று நாளைக்குப் பெட்டி. ஒரு கிழமையில் கடைப் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டி வாசிக்கலாம்.

வசனத்தைத் தமிழில் வைத்துப் படியுங்கள்

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கொரிய மொழியை ஜேர்மன் புத்தகத்திலோ ஆங்கிலப் புத்தகத்திலோ படிக்கும்போது, வினைச்சொல் ஏன் கடைசியில் வருகிறது என்று பக்கம் பக்கமாக விளக்குவார்கள். தமிழனுக்கு அந்த விளக்கம் தேவையில்லை. எங்கள் வசனமும் அப்படித்தானே முடிகிறது.

'நேகா ஒஜே பொன் சாராம்' என்றால் 'நான் நேற்றுப் பார்த்த ஆள்'. சொல்லுக்குச் சொல் ஒரே வரிசை. இதையே ஜேர்மனில் சொல்ல வசனத்தைத் தலைகீழாக்க வேண்டும். 'நாதோ' என்றால் 'நானும்'. 'தோ' என்பது எங்கள் 'உம்'. 'உல்', 'ருல்' என்பவை எங்கள் 'ஐ' உருபு. 'தொகிரெசொ வாஸ்ஸொயோ' என்றால் 'ஜேர்மனியிலிருந்து வந்தேன்'. 'எசொ' என்பது 'இலிருந்து'.

இன்னும் ஒன்று. 'மொகொ பொசேயோ' என்றால் 'சாப்பிட்டுப் பாருங்கோ'. கண்ணால் பார்ப்பதற்கு உள்ள அதே வினையைத்தான் அவர்களும் இங்கே போடுகிறார்கள். 'ஸ்ஸொ ஜுசேயோ' என்றால் 'எழுதித் தாங்கோ'. அதிலும் 'தருதல்' என்ற வினையே வருகிறது. கடைசியில் வரும் 'யோ' மரியாதைக்கு. எங்கள் 'ங்கோ' போல. தெரியாதவரோடு பேசும்போது அதை விடக்கூடாது.

உறவுமுறையும் அப்படித்தான். ஆண்பிள்ளை தன் அண்ணனை 'ஹியோங்' என்றும், பெண்பிள்ளை தன் அண்ணனை 'ஒப்பா' என்றும் கூப்பிடுவார்கள். தம்பி, தங்கை இருவரும் 'தொங்செங்'. எங்கட அம்மா, எங்கட வீடு என்று நாங்கள் சொல்வது போல அவர்களும் 'உரி' என்று சொல்லுவார்கள். என்னைத் தன் முதலாளிக்குத் தம்பி 'உரி ஹியோங்' என்றுதான் அறிமுகப்படுத்துவான். எங்கட அண்ணை.

இதனால் கொரியனும் தமிழும் ஒரு தாய் பிள்ளைகள் என்று துள்ள வேண்டாம். அப்பா, அம்மா என்ற சொற்களின் ஒற்றுமையைக் காட்டிப் பலர் பேசுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் எழுதினார். இன்றைய மொழியியலாளர் அந்த உறவை ஏற்பதில்லை. எங்களுக்கு உறவு தேவையில்லை. வசனக் கட்டு ஒத்துவருகிறது, அது போதும். பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணம் எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கும் இதுவே என் பதில். வேற்றுமை உருபு தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு மொழியின் கதவும் பாதி திறந்தபடிதான் இருக்கும்.

வாயும் காதும்

தமிழ் உதவாத இடமும் உண்டு. க, த, ப போன்ற எழுத்துக்கள் அங்கே மூன்று விதம்: சாதாரணம், மூச்சை ஊதிச் சொல்வது, இறுக்கிச் சொல்வது. 'புல்' என்று நாங்கள் சொல்வது போல மூச்சில்லாமல் சொன்னால் அது நெருப்பு. மூச்சை ஊதிச் சொன்னால் மாடு தின்கிற புல்லேதான். இறுக்கிச் சொன்னால் மாட்டின் கொம்பு. உயிரெழுத்திலும் கவனம் வேண்டும். குடிக்கும் கோப்பியை அவர்கள் 'கொபி' என்பார்கள். அந்த 'ஒ' வாயைக் குவிக்காமல் சொல்வது. வாயைக் குவித்து 'கோபி' என்று கேட்டால் மூக்கால் இரத்தம் வருவது என்று அர்த்தம்!

ஆகவே தனியாகப் படித்தாலும் திருத்துவதற்கு ஒரு காது தேவை. ஜேர்மனியில் அது கிடைக்கும். 1963 முதல் 1977 வரை ஏறக்குறைய 8,000 கொரியர்கள் இங்கே நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வேலைக்கு வந்தார்கள். கொரியத் தாதிகளும் பல்லாயிரம் பேர் வந்தார்கள். அவர்களில் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். எங்கள் நகரத்துக் கொரியக் கடைக்கு வரும் வயதான அம்மா ஒருவர் அப்படி வந்த தாதி. சனிக்கிழமைகளில் ஐந்து நிமிடம் என் வாயைத் திருத்துகிறார். இரவு வேலையில் நோயாளிகளோடு கதைத்துக் கதைத்தே தான் ஜேர்மன் படித்ததாகச் சொன்னார். எங்கள் கதையும் அதுதானே.

மற்றப்படி என் முறை இது: காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் 20 நிமிடம் கேட்பது. வீட்டில் சமையலறைச் சாமான்களில் பெயர் எழுதி ஒட்டுவது. என் குரலைக் கைத்தொலைபேசியில் பதிந்து கேட்பது. ஞாயிறில் தம்பியோடு பத்து நிமிடம் கொரியனில் மட்டும் கதைப்பது. மாரி காலத்தில் அங்கே 8 மணித்தியாலம் முன்னுக்கு, கோடையில் 7. எனக்கு மதியம் 2 மணிக்கு வேலை முடியும்போது, மாரியில் அவனுக்கு இரவு 10 மணி. செஜோங் பள்ளி நிறுவனத்தின் பாடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தம்பி பரீட்சைக்குப் படித்த புத்தகத்தில் தொழிற்சாலைச் சொற்கள் நிறைய உண்டு. 'விஹொம்' என்றால் ஆபத்து, 'ஜோசிம்' என்றால் கவனம். அவன் தினமும் பார்க்கும் பலகைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.

எண்ணில் இரண்டு வகை உண்டு, குழம்ப வேண்டாம். மணிக்குச் சொந்தக் கொரிய எண்: ஹானா, துல், செத். நிமிடத்துக்கும் காசுக்கும் சீனத்திலிருந்து வந்த எண்: இல், இ, சாம். மூன்றரை மணி என்றால் 'சே சி சாம்சிப் புன்'. காசை 10,000 ஆக எண்ணுவார்கள், அதற்குப் பெயர் 'மான்'. எங்கள் ஓர் இலட்சம் அங்கே 10 மான்.

பயண ஆயத்தம்

நீலப் பத்திரம் வைத்திருப்போர் முதலில் செய்ய வேண்டியது விசா அலுவல். ஜேர்மன் கடவுச்சீட்டுக்காரருக்கு விசா இல்லை என்று கேள்விப்பட்டு ரிக்கற் வாங்கிவிடாதீர்கள். அது ஜேர்மன் பிரசைகளுக்கு உள்ள சலுகை. பேர்லினில் உள்ள தூதரகத்தில் அல்லது பிராங்க்பேர்ட், ஹம்பேர்க் துணைத்தூதரகங்களில், உங்கள் பத்திரத்தின் பெயரைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வேலைக் கடிதம், சம்பளத் துண்டுகள், வங்கிக் கணக்கு, அங்குள்ள உறவினரின் விபரம் ஆகியவற்றை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்.

தம்பி இருப்பது அன்சான் நகரத்தில். வெளிநாட்டுத் தொழிலாளர் நிறைந்த இடம். இஞ்சோன் விமான நிலையத்திலிருந்து புகையிரதத்தில் சோல் நிலையம், அங்கிருந்து 4ஆம் இலக்க நிலக்கீழ் ரயிலில் நேராக அன்சான். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ரி-மணி என்ற ஒரே அட்டை. கடைகளில் வாங்கிக் காசு ஏற்றலாம். மின் செருகி ஜேர்மனியில் உள்ளது போன்றதே. பொலிசுக்கு 112, அம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119. பயண உதவிக்கு 1330ஐ அழைக்கலாம், ஆங்கிலத்திலும் கதைப்பார்கள். எதையும் பெரியவரிடம் கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுங்கள். சுசொக் பண்டிகை, எட்டாம் சந்திரமாதத்துப் பௌர்ணமியில் வருவது. தொழிலாளருக்கு அப்போது லீவு கிடைக்கும். நாடே பயணம் செய்யும் காலமும் அதுதான். தூர இடம் போவதானால் ரிக்கற்றை முற்கூட்டியே எடுக்க வேண்டும்.

ஒரு கொப்பியில் பத்து வசனம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்பது வழி கேட்கவும் விலை கேட்கவும். பத்தாவது தம்பியின் முதலாளிக்கு: 'தொங்செங்-உல் ஜால் தொல்பா ஜுஷொசொ கம்சாஹம்னிதா.' தம்பியை நன்றாகப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி. இதைத் தம்பி மொழிபெயர்க்க முடியாது. அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

ஜேர்மன் பரீட்சைக்குப் படிப்பவர்களும் இப்படிப் பத்து வசனத்தோடு தொடங்குங்கள். எந்த ஆளிடம், எதற்காகச் சொல்லப் போகிறீர்கள் என்று தெரிந்த வசனம் மறக்காது.

அடுத்த இதழில் சம்பளத் துண்டை வாசிப்பது எப்படி என்று பார்ப்போம்.