பெரிய எஞ்சினுக்கு ஒரு சின்னத் தம்பி

ஓட்டப்பிடாரம் என்று சொன்னதும் உங்களுக்குக் கப்பல்தான் ஞாபகம் வரும். பருத்தியும் கம்பும் விளைகிற கரிசல் காட்டு ஊரில் 1872-ல் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார் அல்லவா? எதிரிக் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்தே அவரை மடக்கப் பார்த்தார்கள். கடல் தொழிலுக்குத் துணிச்சல் எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு செலவுக் கணக்கும் வேண்டும் என்பதை அந்தக் கதை நமக்குச் சொல்லுகிறது.

அந்தச் செலவுக் கணக்கு இன்றும் அதே தாலுகாவில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஓட்டப்பிடாரம் தாலுகாவின் கடலோரத்தில் தருவைக்குளம் என்று ஓர் ஊர். இழுவலை போடாமல், வழிவலை போட்டு மீன் பிடிப்பதற்குப் பெயர் பெற்ற ஊர் அது. நாள் கணக்கில் கடலில் தங்கி, வெகுதூரம் போகிறவர்கள். 2023 அக்டோபரில் இவ்வூர்ப் படகு ஒன்று மாலத்தீவுக் கடலோரக் காவல் படையிடம் பிடிபட்டது என்றால், எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரத்துக்கும் டீசல் வேண்டாமா? மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மிச்சத்தில்தான் பங்கு பிரிப்பார்கள். ஆகவே டாங்கியில் மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் படகில் போன அத்தனை பேர் வீட்டு அடுப்பிலும் எரியும்.

“பெரிய எஞ்சினோடு கூடச் சின்னதாக ஒரு துணை மோட்டாரும் வைத்துக்கொண்டால் எண்ணெய் மிச்சமாகுமா?” இதுதான் இந்த வாரம் நாம் பார்க்கப் போகிற விஷயம்.

யோசனை நல்ல யோசனைதான். கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பில் யாராவது ஒரு டம்ளர் பால் காய்ச்சுவார்களா? அமெரிக்காவில் தூண்டில் போட்டுச் சால்மன் மீன் பிடிக்கிறவர்கள் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். படகின் பின்புறம் பெரிய மோட்டார் ஒன்று, அதற்குப் பக்கத்திலேயே ஒன்பது, பத்துக் குதிரைச் சக்தியில் குட்டி மோட்டார் ஒன்று. அதற்குக் ‘கிக்கர்’ என்று செல்லப் பெயர். மீன் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரப் பெரியது. அங்கே போய் ஆமை வேகத்தில் ஊர்ந்து தூண்டில் இழுக்கச் சின்னது.

ஆனால் நம் விசைப்படகுக்கு இது பொருந்துமா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பயப்படாதீர்கள், பள்ளிக்கூடத்துக் கணக்குதான்.

தண்ணீரைப் பிளந்துகொண்டு போகிற கனமான படகில், வேகத்தைக் கூட்டக் கூட்ட வேண்டிய சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு! ஒரு படகுக்கு மணிக்கு 8 கடல் மைல் போக 80 குதிரைச் சக்தி தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே படகு 4 மைல் வேகத்தில் போக 10 குதிரைச் சக்தி போதும். மிச்சம் 70 குதிரைகளும் சும்மா நின்று புல் தின்கின்றன.

“அப்படியானால் 10 குதிரை மோட்டார் ஒன்று வாங்கிவிடலாமே?” என்று சம்மாட்டி ஒருவர் எழுந்து நிற்கலாம். பொறுங்கள் ஐயா. டீசல் எஞ்சின் ஒரு குதிரைச் சக்தியை ஒரு மணி நேரம் கொடுக்கச் சுமார் கால் லிட்டர் குடிக்கும். பழைய மாதிரி டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் மோட்டாரோ ஏறக்குறைய அரை லிட்டர் குடிக்கும். அதாவது 10 குதிரைக்கு மணிக்கு 5 லிட்டர். பெரிய டீசல் எஞ்சினையே மெதுவாக ஓட்டினால், அது சோம்பலாக ஓடுவதால் செலவு கொஞ்சம் கூடினாலும், மூன்று, மூன்றரை லிட்டருக்குள் வேலை முடிந்துவிடும். டீசல் எஞ்சினுக்குப் பெட்ரோல் தம்பியைச் சேர்த்தால் நஷ்டம்தான் மிச்சம்! அமெரிக்காக்காரரின் பெரிய மோட்டாரும் பெட்ரோல் மோட்டார். அதனால் அவருக்கு லாபம். நம் பக்கத்திலும் பெட்ரோல் மோட்டார் மாட்டிய சிறு வள்ளங்களுக்கு அந்த யோசனை ஓரளவு பொருந்தும்.

தம்பியும் டீசல் குடிக்கிறவனாக இருந்தால்? மணிக்கு இரண்டரை லிட்டர். கொஞ்சம் மிச்சம் உண்டு. பெரிய எஞ்சினை நெடுநேரம் வேலையில்லாமல் ஓடவிட்டால் உள்ளே கரி படியும். அந்தத் தொல்லையும் குறையும். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படகின் அடியில் இருக்கும் பெரிய விசிறியைத் தண்ணீருக்கு மேலே தூக்க முடியாது. சின்ன மோட்டார் தள்ளும்போது அது முட்டுக்கட்டை போட்டுக்கொண்டே வரும். அது சும்மா சுழன்றால் சில கியர் பெட்டிகளுக்கு ஆகவே ஆகாது. மெக்கானிக்கைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

சரி, பிறகு எங்கேதான் மிச்சம்? போகிற வழியிலும் திரும்புகிற வழியிலும்தான்! அதே படகு 60 கடல் மைல் போகிறது. 8 மைல் வேகத்தில் போனால் ஏழரை மணி நேரம், 150 லிட்டர். 7 மைல் வேகத்தில் போனால் சுமார் எட்டரை மணி நேரம், ஏறக்குறைய 115 லிட்டர். ஒரு மணி நேரம் தாமதம். 35 லிட்டர் மிச்சம். போக வர 70 லிட்டர். புது மோட்டார் வாங்க வேண்டாம், கடன் வாங்க வேண்டாம். கைப்பிடியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் போதும். கடலில் காற்றும் நீவாடும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் முன்பின் ஆக்கும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

இது என் சொந்தச் சரக்கல்ல. சென்னையில் இருந்துகொண்டு வேலை செய்த வங்காள விரிகுடாத் திட்டத்துக்காக, நார்வே நாட்டுப் படகு நிபுணர் குல்பிரான்ட்சன் என்பவர், சிறு படகுகளின் எண்ணெய்ச் செலவைக் குறைப்பது பற்றி 1986-லேயே ஒரு கையேடு எழுதினார். வேகத்தைக் குறையுங்கள் என்பது அதில் முக்கியமான புத்திமதி. மீன் விலை விழுந்துவிடுமே என்று கரைக்கு ஓட்டப் பந்தயம் வைக்கிற நாள் போக, மற்ற நாட்களிலாவது இதைக் கேட்கலாம் அல்லவா?

அப்படியானால் சின்னத் தம்பிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. அது எண்ணெய்க் கணக்கை விடப் பெரிய வேலை. நடுக்கடலில் பெரிய எஞ்சின் நின்றுபோனால் படகு காற்றும் நீவாடும் இழுத்த பக்கம் போகும். மன்னார் வளைகுடாவில் நமக்கும் இலங்கைக்கும் நடுவே 1976-ல் எல்லை வகுத்தார்கள். அந்தக் கோடு வாசலில் போட்ட கோலம் மாதிரி கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாமல் தாண்டினாலும் தாண்டியதுதான். அப்படிப்பட்ட ராத்திரியில், மூன்று மைல் வேகத்திலாவது படகை நம் கரைப் பக்கம் திருப்பி வைக்கிற சின்ன மோட்டார் இருந்தால், அது குடிக்கும் எண்ணெயை யாராவது கணக்குப் பார்ப்பார்களா? அதற்குத் தனி டாங்கியும் தனி பாட்டரியும் வையுங்கள். பெரியதைக் கெடுத்த அழுக்கு எண்ணெய் சின்னதையும் கெடுத்துவிடக் கூடாது. வாரத்துக்கு ஒரு முறை ஓட்டியும் பாருங்கள். ஓட்டாத மோட்டார் அவசரத்துக்கு உதவாது.

எண்ணெயே குடிக்காத துணை ஒன்றும் நம்மிடம் இருந்தது. தூத்துக்குடித் தோணிகள் வெகுகாலம் பாய் விரித்தே கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போயின. எஞ்சின் பின்னால் வந்து சேர்ந்த தம்பிதான். காற்று பின்னாலிருந்து அடிக்கிற நாளில் ஒரு சின்னப் பாய் விரித்தாலும் எஞ்சினுக்குப் பாரம் குறையும். காற்றுக்கு இன்னும் யாரும் விலை போடவில்லை!

வீட்டிலிருந்து இதைப் படிக்கிற சகோதரிகளே, அடுத்த தடவை வாசலில் மீன்காரம்மாவிடம் பேரம் பேசும்போது, கூடையில் இருக்கும் சூரை மீன் எத்தனை லிட்டர் டீசல் குடித்துவிட்டுக் கரைக்கு வந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பத்து ரூபாயை விட்டுக்கொடுக்க மனசு வரும்.